வழக்கு முடியும்வரை உனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன சத்தியக் கடதாசியில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இதைச் சுற்றி வளைத்துக் கடைசியில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 'என் மூத்த மகன் இறந்துவிட்டான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்' என்று கொழும்பில் பத்திரம் எழுதும் யாரோ ஒரு நொத்தாரிசு எழுதி அனுப்பியிருக்கிறார். அதன் கீழே என் பெயரையும் தட்டச்சு செய்து, கையெழுத்துக்குப் புள்ளிக்கோடும் போட்டிருக்கிறார். அவர் என் மகனைப் பார்த்ததும் இல்லை, என்னைப் பார்த்ததும் இல்லை. நான் எதை நம்புகிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னாய்: "ஜஸ்ட் ஒரு பேப்பர் அப்பா. கலியாணம் முடியட்டும், பிறகு எல்லாம் பாப்பம்." நீ போன பிறகு நான் பெற்றோல் ஷெட்டுக்கு ஷிப்டுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஆட்களுக்கு மிச்சக்காசு கொடுத்துக்கொண்டே அந்தப் 'பிறகு' என்ற சொல்லை யோசித்தேன். அந்தப் பேப்பரில் கையெழுத்து விழுந்த பிறகு, பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

இதை ஹரோவுக்கு வந்து உன் வீட்டில் இருந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் நடப்பது தெரிந்ததுதான். நான் கத்துவேன். நீ இங்கிலிஷுக்கு மாறுவாய். அம்மா எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்குவாள். அதனால் எழுதுகிறேன். பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், இந்த லண்டனில் எங்கள் வீட்டு மேசையில் மட்டும் இப்படியொரு கடதாசி கிடக்கவில்லை என்பதுதான். காணாமற் போன பிள்ளையை, புருஷனை, தம்பியைச் செத்தவனாக்கிவிட்டு மிச்ச வாழ்க்கையைப் பார்க்கச் சொல்லி எத்தனையோ வீடுகளில் நல்ல மனத்தோடு புத்தி சொல்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும். பெயர் எதையும் நான் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன் ஏன் கொழும்பில் தனியாக நின்றான் என்பதை உன் வருங்கால மாமனார் வீட்டுக்கு யாராவது சொன்னார்களா? நான் குரோய்டனில் குடிவரவு அலுவலக வரிசையில் நின்று அகதி என்று பதிந்தபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. என்னை அகதி என்று ஒத்துக்கொள்ள இந்த நாட்டுக்காரர்களுக்கு வருடக்கணக்கில் எடுத்தது. அதன் பிறகு குடும்பத்தைக் கூப்பிடலாம் என்றார்கள். ஆனால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மட்டும். இழுத்தடித்தவர்கள் இவர்கள், வயது ஏறியது அவனுக்கு. உனக்குப் பதினெட்டு ஆகச் சில மாதங்கள் மிச்சம் இருந்தன, நீ அம்மாவோடு வந்து இறங்கினாய். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "போடா போ. லண்டன் குளிரைச் சூடாக்கி வை, நான் அடுத்த பிளைற்றிலை வாறன்" என்று அவன் பகிடி விட்டதை நீதான் எனக்குச் சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

போர் மறுபடி தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டதற்கு அடுத்த வருடம் அவனைக் கொண்டுபோனார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் என் அக்கா, உன் மாமியின் வீட்டில் வைத்து, பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். சீருடையில் இரண்டு பேர், சாதாரண உடுப்பில் மூன்று பேர். "சின்ன விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம்" என்றார்களாம். கை கழுவக்கூட விடவில்லை. உன் மாமி தண்ணீர்ச் செம்போடு படி இறங்கி ஓடினாள், வாகனம் போய்விட்டது. அடுத்த நாள் பொலிசுக்குப் போனாள். அப்படி ஒருவரை நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். பிறகு போன இடமெல்லாம் அதே பதில். ஒரு மனிதனைச் சோற்றுக் கையோடு தெருவில் இழுத்துப் போவதைப் பார்த்த அயலவர்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் கேட்டபோது ஒருவருமே அன்றைக்கு வீட்டில் இருக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த நாளில் லண்டனில் எல்லோர் வாயிலும் ஜெனிவா. கோயிலில், கடையில், ஊர்வலத்தில், ஒன்றுகூடலில், "ஜெனிவாவுக்கு எழுதுவம்" என்பார்கள். நேர்த்தி வைப்பதுபோலத்தான் சொல்வார்கள். எழுதிவிட்டால் அங்கே இருக்கிற யாரோ எழும்பி வந்து எங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள் என்று நானும் நம்பினேன். உன் அண்ணனின் படம், பாடசாலைச் சான்றிதழ், மாமி சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் நீதான் இங்கிலிஷில் எழுதிக் கட்டாகக் கட்டித் தந்தாய். அங்கே இருக்கும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு அனுப்பினோம். மரியாதையான பதில் ஒன்று வந்தது. உங்கள் நாட்டு நீதிமன்றங்களில் இதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. ஒரு மனுக்கூடப் போடவில்லை. அன்று நீ கோபத்தில் சுவரைக் குத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோபம் இப்போது எங்கே போய்விட்டது?

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு சட்டத்தரணி இருக்கிறாள் என்று பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும் பெடியன் சொன்னான். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பிள்ளை. முடி வெட்டும் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். நான் பேசியதை எல்லாம் கேட்டாள், நான் கத்தியதையும் கேட்டாள்.

"அங்கிள், கோபப்படாம கேளுங்க. அவங்க முதல்ல பார்க்கிறது இதைத்தான். உள்ளூர்ல இருக்கிற எல்லாக் கதவையும் தட்டினீங்களா? தட்டாம வந்தா உள்ள விடமாட்டாங்க."

"பிள்ளையைக் கொண்டுபோனவங்களிட்டையே போய், 'ஐயா என்ரை பிள்ளை எங்கை' எண்டு கேக்கச் சொல்லுறியள். இது என்ன சட்டம் பிள்ளை?"

"ஆமா, அதைத்தான் சொல்றேன். ஒரு நாட்டுக்குத் தன் தப்பைத் தானே திருத்திக்க ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. அதுல ஒரு நியாயமும் இருக்கு அங்கிள்."

"அவங்கள் திருத்தமாட்டாங்கள்."

"தெரியும். அதனாலதான் போடணும். நீங்க மனு போட்டு, அவங்க வருஷக்கணக்கா இழுத்தடிச்சா, அந்த இழுத்தடிப்பே நமக்கு ஆதாரம். 'இங்க நியாயம் கிடைக்காது, நாங்க முயற்சி பண்ணிட்டோம்'னு ஜெனிவால நிக்கலாம். ஆனா நீங்களா பாதியில விட்டுட்டீங்கன்னா, தப்பு உங்க பக்கம் வந்துடும். அதோட முடிஞ்சது."

தம்பி, நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இதை அந்த மரப்படியில் இறங்கும்போதே விளங்கிக்கொண்டேன். அவர்கள் இழுத்தால் எங்களுக்குப் பலம். நாங்கள் விட்டால் அவர்களுக்குப் பலம். இதைவிடக் கேவலமான பந்தயம் ஒன்று உலகத்தில் இருக்கிறதா? பிள்ளையைப் பறிகொடுத்தவன்தான் களைக்காமல் நிற்க வேண்டும். பறித்தவன் சும்மா இருந்தால் போதும், வழக்கை ஒத்திவைக்கும் தவணை அவனுக்காகத் தானாக வரும். இந்த விதியை எழுதியவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருவர்கூடத் தன் பிள்ளைக்காக ஒரு நீதிமன்ற வாங்குப் பலகையில் காத்திருந்திருக்கமாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அந்த வாங்கில் இருந்தது உன் மாமி. ஆட்கொணர்வு மனு என்று சொல்வார்கள், பிடித்துவைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் மனு. அவனைக் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவள் என்பதால் அவளுடைய பெயரில்தான் போட்டோம். அவளுக்கு இடுப்பில் நாரி நோவு, சர்க்கரை வருத்தம், சிங்களம் அரைகுறை. வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு தவணை நாளுக்கும் சேலை உடுத்திக்கொண்டு போய், மருமகனுடைய பெயர் எப்போது வாசிக்கப்படும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். பெயர் வரும். அரச சட்டத்தரணி எழும்பி இன்னும் அறிக்கை வரவில்லை என்பார். அடுத்த தவணை போடுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து எனக்கு ரெலிபோன் எடுப்பாள். ஒருநாள் சொன்னாள்: "தம்பி, இண்டைக்கு அவங்களிலை ஒருத்தன் வந்து நிண்டவன். அண்டைக்குச் சாதாரண உடுப்பிலை வந்தானே, அந்த நெட்டையன். கன்ரீன் வாசலிலை எனக்கு முன்னாலை நிண்டு ரீ குடிக்கிறான். என்னைப் பாத்துத் தலையை ஆட்டிச் சுகம் கேக்கிறான்." 'நீ என்ன செய்தாய் அக்கா?' என்று கேட்டேன். "என்ன செய்யிறது? நானும் ஒரு ரீ வேண்டிக் குடிச்சன். பயந்து ஓடிட்டாள் எண்டு நினைக்கக் கூடாதெல்லே" என்றாள். எங்கள் குடும்பத்தில் இதுவரைக்கும் நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் அவள்தான். நாங்கள் எல்லோரும் லண்டனில் கொடி பிடித்தோம்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். நீ விரும்பிய பெண்ணைக் கட்டுகிறாய், எனக்கு முழுச் சந்தோஷம். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெண் பகுதியார் உன் பெரிய மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அம்மாவின் தமையன் என்ற உரிமையில் அவரும் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்து இருந்துகொண்டு அதை என்னிடம் கேட்டார்.

"மச்சான், அவை கேக்கிறது ஞாயமான கேள்வி. மூத்தவன் இருக்கிறானோ, இல்லையோ? இருக்கிறான் எண்டால், மூத்தவன் இருக்க இளையவனுக்கு ஏன் அவசரப்பட்டு முடிக்கிறியள் எண்டு சனம் கேக்கும். இல்லையெண்டால், செய்யவேண்டியதைச் செய்து செத்தவீட்டுத் துடக்கைக் கழியுங்கோ. ரெண்டும் இல்லாமல் நடுவிலை நிண்டால் நல்ல காரியம் எப்பிடிச் செய்யிறது?"

"நடுவிலை நிக்கிறது நான் இல்லை மச்சான். அவனை நடுவிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்."

"உம்மடை அரசியலை விடும். ஐயரிட்டைக் கதைச்சிட்டன். உடம்பு இல்லாட்டியும் தர்ப்பையிலை உருவம் செய்து கிரியை செய்யலாமாம். அங்கை மரண அத்தாட்சிப் பத்திரமும் எடுக்கலாம், எனக்கு ஆள் இருக்கு. நீர் ஒரு கையெழுத்துப் போட்டால் காணும்."

உன் பெரிய மாமா கெட்டவர் இல்லை. நீ லண்டனுக்கு வந்த முதல் மாரியில் உனக்குக் குளிர்க்கோட்டு வாங்கித் தந்தவர். ஆனால் அவருக்கு வாழ்க்கை ஒரு கல்யாண மண்டபம். கதிரைகள் வரிசையாக இருக்க வேண்டும், எந்தக் கதிரையும் காரணமில்லாமல் காலியாக இருக்கக் கூடாது. அவருடைய ஆள்தான் அந்தச் சத்தியக் கடதாசியை எழுதி அனுப்பினார். நான் அதைப் பார்க்கிங்கிற்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை இரண்டு தரம் வாசித்தாள். "இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா, அரச தரப்பு வக்கீல் அடுத்த தவணைக்கு இதைத்தான் தூக்கிக் காட்டுவாரு அங்கிள். 'அப்பாவே செத்துட்டான்னு சத்தியம் பண்ணிட்டாரு, இனி யாரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்றீங்க?' அப்படின்னு கேட்பாரு. மனு போயிடும். மனு போனா, ஜெனிவாவுக்கு நாம என்ன சொல்றது?" என்றாள்.

விளங்குகிறதா தம்பி? அவனைக் கொண்டுபோனவர்கள் இத்தனை காலமும் வாய் திறக்கவில்லை. எடுக்கவில்லை என்றார்கள், தெரியாது என்றார்கள், அறிக்கை வரவில்லை என்றார்கள். செத்துவிட்டான் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் யார் கொன்றது என்ற கேள்வி வரும். அவர்கள் சொல்லப் பயப்படும் அந்த ஒரு வசனத்தை நாங்கள் அவர்களுக்காக எழுதி, சத்தியம் செய்து, முத்திரை குத்தி, கொண்டுபோய்க் கையில் கொடுக்கப் பார்க்கிறோம். என்ன காரணத்துக்கு? முகூர்த்தத்துக்கு. இப்படி ஒரு பிழையை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாராலும் செய்ய ஏலாது.

அம்மாவோடும் சண்டை பிடித்தேன். அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அவள் பக்கத்தை மறைத்தால் இது நேர்மையாக இருக்காது. "உங்களுக்கு வழக்கு. எனக்கு ரெண்டு பிள்ளையள்," என்றாள். "ஒருத்தனை நான் ஒவ்வொரு நாளும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன். மற்றவன்ரை கலியாணத்தையாவது ஒரு கரைச்சலும் இல்லாமல் கண்ணாலை பாக்க விடுங்கோ."  ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்து, இனிக் கோட்டுக்குப் போகவேண்டாம், இங்கே எல்லோரும் முடிவெடுத்துவிட்டோம் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறாள். மாமி அதை நம்பி அடுத்து வந்த தவணைக்குப் போகவில்லை. மனுக்காரர் வராததால் வழக்கைத் தள்ளிவிடலாம் என்று அரச தரப்பு கேட்டிருக்கிறது. கொழும்பில் எங்களுக்காக நிற்கும் சட்டத்தரணி கெஞ்சிக் கடைசியாக ஒரு தவணை வாங்கியிருக்கிறார். அதற்கும் ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. இது எனக்குத் தெரியவந்ததே மாமி அழைத்த பிறகுதான்.

"உன்ரை மனுசி சொன்னவ, விட்டிடச் சொல்லி. நீயும் அதைத்தான் சொல்லுறியோ?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"இல்லை அக்கா."

"அப்ப நீ ஒருக்கால் வந்து எனக்குப் பக்கத்திலை நில்லன். எத்தினை நாளைக்கு நான் மட்டும் உவங்களோடை ரீ குடிக்கிறது?"

இந்தக் கேள்வியோடு நான் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நேற்றுப் பெரிய மாமா உன் கல்யாண அட்டையின் மாதிரியைக் காட்டினார். தங்க எழுத்து, பிள்ளையார், எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. அதில் உன் பெயருக்கு மேலே 'ஏக புத்திரன்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு மகனாம். அச்சுக்காரன் விட்ட பிழை என்று நினைத்து மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். நீ அதைப் பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் சரி என்றாயா? இந்தக் கேள்விக்கு எனக்கு உன்னிடம் இருந்து பதில் வேண்டும். மாமாவின் பதில் வேண்டாம். அந்த அட்டையில் 'கனிஷ்ட புத்திரன்' என்று வரவேண்டும். இளைய மகன் என்றால் மூத்தவன் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். கொழும்பில் ஒரு வழக்கு நடக்கிறது, நீதிமன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை என்று சொல். இதைச் சொல்லக் கூச்சப்படுகிற வீட்டில் நீ பெண் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவர்களுக்கு முன்னால் நீ அதைச் சொல்லிப் பார். யார் யார் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கல்யாணம் செய்வது நல்லது. உன் பெண் திருப்பமாட்டாள் என்று எனக்கு ஏனோ ஒரு எண்ணம்.

நான் போகிறேன். இது அச்சாகி உன் கைக்கு வரும்போது நான் வெள்ளவத்தையில் இருப்பேன். மாமியோடு நீதிமன்றத்துக்குப் போய், மனுக்காரர் வந்திருக்கிறார், தகப்பனும் வந்திருக்கிறான் என்று காட்டிவிட்டு வருவேன். நீ கூட வரக்கூடாது. உன் வயதுப் பெடியன்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது, தலை நரைத்துவிட்டது, என்னை என்ன செய்வார்கள் என்று அம்மாவிடம் வீரம் பேசினேன். அவள் எழும்பி மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே அயன் பெட்டிச் சத்தம் கேட்டது. "கசங்கின சேட்டோடை அவங்களுக்கு முன்னாலை போய் நிக்காதேங்கோ," என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

கல்யாணத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். மண்டபத்தில் உன் பக்கத்தில் நிற்பேன், யார் மூத்தவனைக் கேட்டாலும் நானே பதில் சொல்வேன். ஒருவேளை நான் வரவில்லை என்றால், கல்யாணத்தை ஒத்திப்போடாதே. எனக்குத் தர்ப்பையில் உருவம் செய்ய யாரையும் விடாதே. என்னைப் பற்றி எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதே. ஆத்திரப்பட்டு நேரே ஜெனிவாவுக்கு எழுதாதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் பார்க்கிங்கிற்குப் போ. அந்தப் பிள்ளையிடம் சொல்லி, கொழும்பிலேயே, அதே நீதிமன்றத்திலேயே, என் பெயருக்கும் ஒரு மனுப் போடு. தவணை தருவார்கள். எந்தத் தவணையையும் விடாதே.

அப்பா